சிக்கனத் தோட்டத்துத் திருடன்

கங்கப்பனுக்குச் சர்க்கார் பரிசு தரப்போகிறது என்ற சேதி வந்ததும், அவன் போய்ப் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. சர்க்கார் அதுவரை அவன் குடிசைக்கு மூன்று தடவைதான் வந்திருந்தது. முதல் தடவை அம்மை குத்திவிட்டுப் போனார்கள். கை ஒரு மாதம் வீங்கியது. அடுத்த தடவை குடிசையை நாலடி தள்ளிப் போடச் சொன்னார்கள். கடைசியாகத் தலை எண்ண வந்தவர், செத்துப்போன அவன் அப்பன் செத்துத்தான் போனான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார். பரிசு இதில் எந்த வகையில் சேரும் என்று தெரியவில்லை. மரம் பெரிய மரமாக இருந்தது. ஒளிந்துகொண்டான்.

பெண்சாதி நாகம்மா தேடிக்கொண்டு வந்தாள்.

"யோவ், வெளிய வா. ஜீப்பு வாசல்ல நின்னுகினு இருக்குது. ஊரே வந்து பாக்குது."

"நான் ஊர்ல இல்லன்னு சொல்லு மே."

"உன் காலு தெரியுதுய்யா."

அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். ஆனால் பயம் காலில் மட்டும் இல்லை.

அந்த ஐம்பத்தேழாம் வருஷம் அவனுக்குப் பயப்படுவதற்கென்றே வந்த வருஷம். ஓசூர் ரோட்டில் பதினோரு வருஷமாக அவன் தினக்கூலிக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தான். வெயிலுக்கு ஒரு கீற்றுத் தட்டி, கைக்கு ஒரு சம்மட்டி, அவ்வளவுதான் சொத்து. இந்த வருஷம் ஆறு கூலிகளை நிரந்தரம் செய்யப் போகிறார்கள் என்றும், அதில் ஐந்தாவது பேர் அவனுடையது என்றும் மேஸ்திரி வெங்கடப்பன் சொல்லியிருந்தார். "பச்ச மசியில கையெழுத்துப் போடற ஆபீசருகிட்ட நன்னடத்தை சர்ட்டிபிகேட்டு ஒண்ணு வாங்கிக்கினு வந்துடு. அதுவரைக்கும் உம் பேர்ல ஒரு புகாரு, ஒரு பஞ்சாயத்து வரப்படாது. வந்துச்சு, பதினோரு வருசமும் ஜல்லியோட ஜல்லியா போயிடும், பாத்துக்கோ."

அன்றிலிருந்து கங்கப்பன் சத்தமாக இருமுவதைக்கூட விட்டுவிட்டான். சந்தையில் எவனாவது காலை மிதித்தால், மிதித்தவனிடம் மன்னிப்புக் கேட்டான்.

ஜீப்பில் வந்திருந்தது சிக்கனத் தோட்ட இயக்கம். எல்லைப்பக்கத்து ஏழை ஜனங்கள் வீட்டுத் தோட்டத்துக்குச் செடி வாங்கியும் விதை வாங்கியும் வீண்செலவு செய்து பாழாய்ப் போகிறார்கள் என்று சேலத்தில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அதைத் தடுக்கக் கெலமங்கலம் சந்தைப்பேட்டை ஓரத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஓர் அதிகாரியையும் ஒரு குமாஸ்தாவையும் இரண்டு பியூன்களையும் மூன்று பீரோக்களையும் அனுப்பி வைத்தார்கள். இரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியும், விதைக்குக் காசு கொடுத்த ஏழை ஒருவன்கூட அவர்கள் கையில் அகப்படவில்லை. இயக்கம் தளரவில்லை. வீண்செலவு செய்கிறவன் கிடைக்காவிட்டால் போகிறது, மிச்சம் பிடிக்கிறவனையாவது பிடித்துக் காட்டலாம் என்று கிளம்பியது. நாகம்மாவின் கொல்லை ரோட்டிலிருந்தே தெரிந்தது. கூரை மேல் பூசணி, வேலி முழுக்க அவரை, மூலையில் முருங்கை.

அதிகாரி தொப்பியைக் கழற்றாமலே கொல்லையைச் சுற்றி வந்தார். சுவரில் ஒட்டியிருந்த சாணி வறட்டியைக் கம்பால் தட்டி, "இதில் என்ன வெள்ளை வெள்ளையாய்?" என்று கேட்டார்.

"பூசணி வெதைங்க சாமி. வறட்டில பதிச்சு வெச்சா பூச்சி அண்டாது. அடுத்த வருசத்துக்கு ஆவும்," என்றாள் நாகம்மா.

"அற்புதம்! சர்க்கார் விதைப்பெட்டி ஒன்று நாற்பது ரூபாய்." அவர் குமாஸ்தா ஆஞ்சப்பன் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளும். இவர்தான் இந்த வட்டாரத்தின் முதல் சிக்கனத் தோட்டக்காரர். பாரத்தைப் பூர்த்தி செய்யும். நான் பச்சை மசியில் ஒப்பமிடுகிறேன்."

பச்சை மசி என்ற சொல் காதில் விழுந்ததும் கங்கப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. சர்ட்டிபிகேட்டு தன்னைத் தேடி ஜீப்பில் வந்திருக்கிறது! எது கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். அவன் வாழ்க்கையில் செய்த முடிவுகளில் இவ்வளவு மோசமானது வேறில்லை.

பாரத்தில் நாற்பத்தொரு கேள்விகள். பதினாறு வரைக்கும் தடங்கல் இல்லாமல் போனது.

"பதினேழு. சென்ற வருஷம் செடி, விதை வகையறாவுக்குச் செலவு?" என்றார் ஆஞ்சப்பன்.

"ஒண்ணும் இல்லீங்க."

"பதினெட்டு. செலவு இல்லையென்றால் கிடைத்த விதம்?"

"திருடினதுங்க," என்றான் கங்கப்பன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

அவன் சொன்னது நிஜம். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். முருங்கைப் போத்தோ அவரை நெற்றோ, கேட்டு வாங்கி நட்டால் தழைக்காது. திருடி நட்டால்தான் தழைக்கும். அதனால் யாரும் கேட்பதில்லை. அதற்கு ஒரு மரியாதை உண்டு. பக்கத்து வீட்டுச் சென்னம்மாளிடம் போய் ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலியைப் பார்க்க வேண்டும். அவள் புரிந்துகொண்டு, "அடியே, அடுப்புல பாலு பொங்குது" என்று உள்ளே போவாள். அவள் வீட்டில் மாடு கிடையாது. அவள் திரும்பி வருவதற்குள் வேண்டியதை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அவளும் அடுத்த மாதம் இங்கே வந்து ஊர்க்கதை பேசுவாள். நாகம்மாவின் அடுப்பிலும் இல்லாத பால் பொங்கும். நாலு தலைமுறையாக விதைக்காகப் பத்துக்காசு செலவில்லாமல் அந்த ஊர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஆஞ்சப்பனின் பேனா அந்தரத்தில் நின்றது. அப்புறம் எழுதியது. எழுதி முடித்த பிறகுதான் அவர் முகம் வெளிறியது.

"ஐயா, மசியில எழுதிட்டேன்."

"அடித்துவிடும்."

"அடிக்கப்படாதுங்க. எனக்கு முன்னாடி இருந்த குமாஸ்தா ஒரே ஒரு எழுத்தை அடிச்சாரு. இன்னும் விளக்கம் எழுதிக்கினு இருக்காரு."

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். வந்ததிலிருந்து முதல் தடவையாக. "அப்படியானால் இது திருட்டுச் சொத்து. நான் இதன் முன்னால் நின்று 'அற்புதம்' என்று வேறு சொல்லியிருக்கிறேன். அதுவும் எழுதியாகிவிட்டதா?"

"ஆச்சுங்க."

கங்கப்பனின் சிரிப்பு வாயிலேயே காய்ந்துபோனது.

அன்று சாயங்காலத்துக்குள் கொல்லைக்கு அரக்கு முத்திரை விழுந்தது. ஒவ்வொரு கொடியிலும் சிவப்பு நாடா கட்டி, தகர வில்லை மாட்டி, நம்பர் போட்டார்கள். வழக்குக்குச் சாட்சியான பொருளுக்குத் தொண்டி என்று பெயராம். அவரைக் கொடிகள் தொண்டி நம்பர் ஒன்று, இரண்டு. முருங்கை மூன்று. பூசணி நான்கு. கூரை மேல் ஏறி நாடா கட்டிய பியூன் கூரையோடு உள்ளே விழுந்தான். அதற்கும் கங்கப்பனிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"கேள், கங்கப்பா," என்றார் அதிகாரி. "தொண்டிப் பொருள் உன் பொறுப்பு. இதில் காய் பறித்தால் சாட்சியைக் களவாடிய குற்றம். செடி பட்டுப்போனால் சாட்சியை அழித்த குற்றம். நாங்கள் கடுமையானவர்கள் அல்ல. தண்ணீர் ஊற்றுவதற்கு எழுதிக் கேட்டால் பதினைந்து நாளில் அனுமதி தருவோம்."

"பதினஞ்சு நாளு தண்ணி இல்லாட்டி செத்துப்பூடுமே, சாமி?"

"அது இரண்டாவது குற்றம். சொன்னேனே!"

அதிலிருந்து கங்கப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆடு கத்தினால் எழுந்து ஓடினான். காற்றடித்தால் வேலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அனுமதி வரும்வரைக்கும் வேலிக்கு இந்தப் பக்கம் முத்திரைக்கு வெளியே நின்று நாகம்மா முகம் கழுவுவாள். கழுவின தண்ணீர் தானாக உள்ளே ஓடும். அவள் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை முகம் கழுவினாள். காய் முற்றியது, நெற்றானது, வெடித்தது. பறிக்கக் கூடாது. வெடித்த விதை கீழே விழுந்து, கோடை மழைக்கு முளைத்தது.

அளவெடுக்க வந்த ஆஞ்சப்பன் எண்ணிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "கங்கப்பா, என்னாப்பா பண்ணி வெச்சிருக்கறே? ரெண்டு கொடி திருடினதா எழுதியிருக்குது. இப்ப அறுபத்து மூணு இருக்குது!"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. மழை பெஞ்சுது."

"மழை மேலயா நான் எழுத முடியும்? குற்றம் முளைக்குதுன்னு எழுத வேண்டியதுதான்."

அப்படியே எழுதினார்.

விசாரணை ஆபீசில் நடந்தது. திருட்டு என்றால் பறிகொடுத்தவர் வேண்டும். சென்னம்மாளைக் கூப்பிட்டார்கள். பெரிய நாற்காலிக்கு முன்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் நின்றாள்.

"உங்கள் அவரையை இவர்கள் திருடியது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா சாமி? நான்தான உள்ள போனேன்."

"திருடுகிறார்கள் என்று தெரிந்தும் ஏன் உள்ளே போனீர்கள்?"

"நின்னுகினே இருந்தா எப்பிடி எடுப்பாங்க? வெக்கப்பட மாட்டாங்களா?"

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். "உடந்தை என்று போடும். சரியம்மா, உங்களுக்கு அந்த அவரை ஏது?"

"அது வந்து... தாஹிரா ஊட்டுல திருடினது."

தாஹிரா வந்தாள். புருஷன் ஜமீர் அகமது சந்தையில் வளையல் கடை வைத்திருந்தவர். அவரும் கூடவே வந்து, கடையை மூடிவிடுவார்களோ என்ற பயத்தில் அதிகாரிக்கு ஐந்தாறு தடவை சலாம் போட்டார். தாஹிரா தன் மாமியார் வீட்டுக் கொல்லையில், மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லில், எடுத்ததாகச் சொன்னாள்.

"மாமியாருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உடுமா அது? அது மட்டும் நெசமாவே திருட்டுங்க."

ஜமீர் அகமது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். திருட்டு எல்லை தாண்டிவிட்டதால் மைசூர் சர்க்காருக்குக் கடிதம் போயிற்று. மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: தங்கள் பக்கத்து அவரைக் கொடிகள் எல்லாம் சௌக்கியமாக இருப்பதாகவும், காணாமல் போனதைக் கோர வேண்டுமானால் மாமியார் முறைப்படி மனுச் செய்துகொள்ள வேண்டும் என்றும்.

அதற்குள் ஊர் முழுவதும் ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்றது. எல்லார் கொல்லையிலும் ஏதோ ஒன்று காய்த்திருந்ததே! நாலு ஏக்கர்க்காரர் கோவிந்தப்பன் மட்டும் கெட்டிக்காரத்தனமாக, "நான் காசு குடுத்து வாங்கினேன்" என்றார்.

"ரசீது?"

கோவிந்தப்பன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "இல்லீங்க. நானும் திருடினதாவே போட்டுக்குங்க."

"சும்மா குடுத்தாங்க" என்று ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். தானப் பத்திரம் கேட்டார்கள், அதுவும் முத்திரைத் தாளில். அவளும் திருடியாகவே போனாள்.

மேஸ்திரி வெங்கடப்பன் ரோட்டோரம் கங்கப்பனைக் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே கங்கப்பன் சம்மட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"உம் பேரை அடிச்சுட்டாங்கடா. ஆறாவது ஆளு அஞ்சாவதா வந்துட்டான். நான் சொன்னனா இல்லியா, ஒரு புகாரு வரப்படாதுன்னு?"

"அண்ணா, நான் உள்ளதத்தான சொன்னேன்?"

"அதத்தான்டா நானும் சொல்றேன். உன்னை யாரு சொல்லச் சொன்னது? கேஸ் இருக்கிற ஆளுக்குத் தினக்கூலியும் குடுக்கப்படாதுன்னு எழுதி வந்திருக்குது. சம்மட்டிய வெச்சுட்டுப் போ."

பதினோரு வருஷத்துச் சம்மட்டியை ஜல்லி மேல் வைத்துவிட்டு அவன் நடந்தான். வெறுங்கையோடு நடப்பது அவனுக்குப் பழக்கமில்லாததால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஐப்பசியில் சேலத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். சந்தைப்பேட்டையில் பந்தல் போட்டார்கள். திருடர்கள் என்று எழுதப்பட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஆஜராக வேண்டும் என்று தண்டோரா. வராவிட்டால் தலைமறைவு என்று எழுதுவார்களாம். பிள்ளை பெற்று ஏழு நாளான ஒருத்திகூடக் கட்டிலோடு வந்திருந்தாள்.

பெரிய அதிகாரி மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"அன்பர்களே! சிக்கனம் என்றால் என்ன? செலவில் குறைப்பது. செலவே செய்யாதவன் எதிலிருந்து குறைப்பான்? நீங்கள் விதைக்கு ஒரு காசும் செலவழிக்காமல், சிக்கனம் செய்ய ஒரு வழியும் இல்லாமல் எங்களைக் கட்டிப் போட்டுவிட்டீர்கள். உங்களுக்குச் சிக்கனம் கற்பிக்க இதுவரை தொண்ணூறாயிரம் ரூபாய் செலவழித்திருக்கிறோம். அதில் பாதிக்கு மேல் ஜீப்புக்கே போயிற்று. நாங்கள் கவலைப்பட்டோமா? இல்லை! இனிமேல் விதையை நம் ஆபீசில்தான் வாங்க வேண்டும். ஐந்து ரூபாய் விதை உங்களுக்கு நான்கு ரூபாய். ஆளுக்கு ஒரு ரூபாய் மிச்சம்! இப்படித்தான் ஒரு தேசம் பணக்கார தேசமாகிறது."

ஆஞ்சப்பன் கை தட்டினார். அவரைப் பார்த்து பியூன்கள் தட்டினார்கள். தட்டாதவர்கள் பேரை எழுதுவார்களோ என்று பயந்து ஊரும் தட்டியது. எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவன் கங்கப்பன்.

பிறகு பெரியவர் கொல்லையைப் பார்க்க வந்தார். அவரைக் கொடி ஆடி மழைக்குப் பிறகு வேலியைத் தாண்டிக் கூரை மேல் ஏறிப் பூத்துக் கிடந்தது. தலையை அண்ணாந்து கொடி போன வழியெல்லாம் பார்த்தார்.

"நம் ஆபீஸ் தோட்டத்தில் முந்நூறு நாற்று நட்டோமே?"

"நட்டோம் ஐயா," என்றார் தோட்ட அதிகாரி.

"எத்தனை இருக்கிறது?"

"பெயர்ப் பலகைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன ஐயா."

"சர்க்கார் பொறுப்பில் வைத்த செடி உயிரோடு இருப்பதை என் சர்வீசில் இப்போதுதான் பார்க்கிறேன்." அவர் கங்கப்பனைப் பார்த்தார். "இந்தக் கொல்லையை மாதிரித் தோட்டமாக இயக்கம் எடுத்துக்கொள்ளட்டும். இந்த ஆளையே காவலுக்குப் போடலாம். திருட்டில் முன் அனுபவம் இருப்பது கூடுதல் தகுதி."

இப்படியாகத்தான் அவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கிடைத்தது. பச்சை மசியில், வட்ட முத்திரையோடு. ஆஞ்சப்பன் படித்துக் காட்டினார்: "எனக்குத் தெரிந்தவரை இவர் திருடியவை அவரை, முருங்கை, பூசணி ஆகிய மூன்று மட்டுமே. அவற்றையும் கேட்டவுடன் சொல்லிவிட்டார். நன்னடத்தை உள்ளவர்."

குடிசைக்கும் கொல்லைக்கும் நடுவில் முள்கம்பி போட்டார்கள். கங்கப்பனுக்குக் காக்கிச் சட்டை ஒன்று, தடி ஒன்று, தடிமனான ரிஜிஸ்தர் ஒன்று. ஆறு மாதம் நோட்டம் பார்ப்பார்கள். அதற்குள் ஒரு குறை வந்தால் காவல் வேலையும் போய்விடும், பழைய வழக்கும் எழுந்துவிடும். ஆறு மாதம் தள்ளினால் நிரந்தரம், சாகும்வரை.

காவலாளிக்கு எழுதத் தெரிய வேண்டும் என்பது விதி. நாற்பது வயதில் கங்கப்பன் பலகையும் குச்சியுமாக ஆபீஸ் தாழ்வாரத்தில் உட்கார்ந்தான். ஜல்லி உடைத்த விரல்களுக்குள் குச்சி தூசு மாதிரி இருந்தது. மூன்று குச்சிகளை உடைத்தபின் தன் பேரை எழுதினான்.

"பரவால்லியே! பழக்கத்துக்கு இன்னொரு பேரு சொல்லு," என்றார் ஆஞ்சப்பன்.

யோசிக்காமல், "நாகம்மா" என்றான். அதையும் எழுதிப் பழகினான். வீட்டுக்குப் போய்த் தரையில் கரியால் எழுதிக் காட்டினான். நாகம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இம்மாம் பெருசா இருக்குதா எம் பேரு?" என்று கேட்டாள். சாணி மெழுகும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மெழுகினாள்.

மார்கழி பிறந்தது. அவரை கொத்துக் கொத்தாகத் தொங்கியது. பனியில் நனைந்த காயின் வாசம் கம்பியைத் தாண்டிக் குடிசைக்குள் வந்தது. அந்த வருஷம் பூராவும் பறிக்காமல் விட்டாயிற்று. வீட்டில் களிக்குத் தொட்டுக்கொள்ள மிளகாயைத் தவிர ஒன்றும் இல்லை. முதல் சம்பளம் இன்னும் வரவில்லை. அவன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி சேலத்துக்குப் போயிருந்தது.

ஒரு நாள் காலை, பனி விலகும் நேரத்தில், நாகம்மா முறத்தை எடுத்துக்கொண்டு கம்பிக்குள் குனிந்து நுழைந்தாள். அவள் நட்ட கொடி. யாரையும் பார்க்காமல், தன் பாட்டுக்குப் பறிக்க ஆரம்பித்தாள்.

கங்கப்பன் பார்த்தான். யாராவது ரோட்டில் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பியூன் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தான். கண்டுங்காணாமல் இருந்தால் காவலாளியையும் உடந்தை என்று எழுதுவார்கள். விதிப்படி உரக்கக் கேட்க வேண்டும்.

"யார்ரா... யாரது?" என்றான். அது அவன் குரல் மாதிரி இல்லை.

"நான்தான்யா. இன்னா கத்தற?"

"பேரு... பேரு சொல்லணும்."

நாகம்மா நிமிர்ந்தாள். காக்கிச் சட்டையைப் பார்த்தாள், தடியைப் பார்த்தாள். பியூன் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டான்.

"எம் பேரு உனக்குத் தெரியாதா?" என்றாள் மெதுவாக. "தெரியும்னா எழுதிக்கோ."

முறம் நிறைகிறவரைக்கும் பறித்துவிட்டு, அவள் கம்பிக்குள் குனிந்து போய்விட்டாள்.

அன்று மத்தியானம் களிக்கு அவரைக்காய்ச் சாறு. அவள் தட்டை வைத்தாள். அவன் தின்றான். தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கொல்லைக்கு வந்து, ரிஜிஸ்தரைத் திறந்தான்.

மறுநாள் ஆபீசில் ஆஞ்சப்பன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதல் பதிவிலேயே ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். பிறகு நாகம்மா பேருக்கு ஒரு சம்மன் எழுதி, மடித்து, அவன் கையில் கொடுத்தார். சம்மனை உரியவரிடம் சேர்ப்பிப்பது காவலாளியின் வேலை.

கங்கப்பன் வாங்கிக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடந்தான்.